கொற்கையில் கடல் எங்கே போயிற்று?

சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர்பெற்ற துறை என்று படித்த, தூத்துக்குடி மாவட்டத்துக் கொற்கையை நேரில் போய்ப் பார்த்தால் வயலும் வாழைத் தோட்டமும் ஒரு பெரிய குளமும்தான் இருக்கின்றன, கடலைக் காணவில்லை; அப்படியானால் பழைய நகரைக் கடல் கொண்டுவிட்டதா, அல்லது அங்கே நகரம் என்று சொல்லத்தக்க ஒன்று இருந்ததே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அது உண்மையிலேயே துறைமுகமா என்பது முதலாவது. கரை ஏன் விலகியது என்பது இரண்டாவது. அந்த ஊரின் வணிகமும் மக்களும் என்ன ஆனார்கள் என்பது மூன்றாவது. நான் கடற்கரை நிலவியல் படித்து, அதையே கற்பித்து, தாமிரபரணியின் கழிமுகத்து மண்ணைப் பல ஆண்டுகள் பார்த்து வந்தவன். எனவே இரண்டாவது கேள்விக்கு என் சொந்தப் பயிற்சியிலிருந்து பதில் சொல்ல முடியும். கல்வெட்டும் பானை ஓடும் என் துறை அல்ல. அவற்றைப் பொறுத்தவரை அத்துறை அறிஞர்கள் நிறுவியதை வைத்துத்தான் பேசுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், கொற்கையைக் கடல் கொள்ளவில்லை. எந்த ஆறு அந்த ஊரைத் துறைமுகம் ஆக்கியதோ அதே ஆறு தன் வண்டலால் அதைக் கடலிலிருந்து பிரித்துவிட்டது.

கொற்கை துறைமுகமாக இருந்தது என்பதில் ஐயம் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வகைச் சான்றுகள் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடல் வழிநூல், குமரிக்கு அப்பால் பாண்டிய நாட்டைச் சேர்ந்த கொல்கி என்னும் இடத்தில் முத்துக்குளிப்பு நடப்பதாகச் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் நிலவியலாளர் அல்லாது புவியியல் நூல் எழுதிய தாலமி அதையே கொல்கோய் என்று குறிக்கிறார். சங்க நூலான மதுரைக்காஞ்சி, பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும்போது விளைந்து முதிர்ந்த முத்தையும், சங்கு குளிப்போர் வாழும் சேரியையும், கள் உண்ணும் குடிகளின் பாக்கங்களையும் சொல்லி, அந்தக் கொற்கை மக்கள் விரும்பும் வேந்தன் அவன் என்கிறது. மூன்றாவது சான்று மண்ணுக்குள் இருந்து வந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69ஆம் ஆண்டில் அங்கே அகழ்ந்தபோது செங்கல் கட்டுமானம், உறைகிணறு, கறுப்பு-சிவப்புப் பானைகள், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள், சங்குத் துண்டுகள் ஆகியவை கிடைத்தன. 2021ஆம் ஆண்டு மீண்டும் அகழ்ந்தபோது கங்கைச் சமவெளிக்கு உரிய கறுப்பு நிற மெருகேற்றிய பானை ஓடுகளும் வெளிவந்தன. தொலைவில் உள்ள நாட்டின் பாண்டம் ஒரு கழிமுகத்து ஊரின் மண்ணடுக்கில் கிடக்கிறது என்றால், சரக்கு ஏற்றி இறக்கும் இடமாக அது இருந்திருக்க வேண்டும் என்று கொள்வதே முறை.

அந்த ஊரின் இயல்பு எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துறைமுகம் என்றதும் நம் மனத்தில் எழும் கல்லால் கட்டிய கப்பல்துறையும் கலங்கரை விளக்கமும் கொற்கைக்குப் பொருந்தாது. அக்காலத்துக் கலங்களுக்கு ஆழமான நீர் தேவைப்படவில்லை; அலை அடிக்காத கழி, குடிநீர், உள்நாட்டுக்குச் செல்லும் வழி ஆகிய மூன்றும் போதும். பொதிகை மலையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் தாமிரபரணி இந்த மூன்றையும் தந்தது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஊட்டுவதால் அது நெடுங்காலம் வற்றாத ஆறாகவே இருந்தது. ஆற்றோடு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் ஆதிச்சநல்லூர். அங்கே தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுத்த, இறந்தோரைப் புதைக்கும் தாழிகளும் வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் இந்த ஆற்றங்கரையில் எவ்வளவு பழமையான செல்வம் இருந்தது என்பதைக் காட்டுகின்றன. வடகரையில் சிவகளை இருக்கிறது. அங்கே ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்று காலம் கணிக்கப்பட்டது. இப்படி நெல்லும் உலோகமும் உடைய ஒரு பள்ளத்தாக்கின் வாசலில் கொற்கை இருந்தது. அதற்கு எதிரே கடலுக்குள், முத்துச்சிப்பி படியும் பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள், இருந்தன.

முத்து என்ற பெருமை சங்கை மறைத்துவிடுகிறது என்பது என் நெடுநாள் எண்ணம். முத்துச்சிப்பி நம்பத்தக்க விளைச்சல் தருவதில்லை. சில ஆண்டுகள் பார்களில் குவியும், பிறகு பல ஆண்டுகள் அடியோடு காணாமற்போகும். சங்கு அப்படியல்ல. அது ஆண்டுதோறும் கிடைப்பது. அறுத்து வளையாக்கி விற்கத்தக்கது. குளிப்பவர், அறுப்பவர், விற்பவர் என ஊருக்கு நிலையான வேலை தருவது. கொற்கை அகழாய்வில் சங்குத் துண்டுகள் அத்தனை கிடைப்பதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். இன்றைக்கும் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறார்கள். அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய் மணமான பெண்கள் அணியும் வளையாகிறது. கொற்கை கரையை இழந்த பிறகும் அறுபடாமல் வந்த தொழில் அது. முத்துக்குளிப்போ 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

குளித்தவர்கள் யார் என்பதில் சான்றுகள் முரண்படுகின்றன. தண்டிக்கப்பட்ட குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடத்தப்பட்டது என்பது கிரேக்க வழிநூலின் கூற்று. சங்கப் பாடல்களில் கடலில் இறங்குபவர்கள் பரதவர்கள். தம் தொழிலில் தேர்ந்த, தமக்கென ஊரும் பாக்கமும் உடைய மக்கள். அயல்நாட்டு மாலுமி கரையில் கேட்டறிந்த ஒரு செய்தியை, அம்மக்களோடு வாழ்ந்த புலவர்கள் காட்டும் படத்துக்கு மேலாக வைக்க நான் தயங்குவேன். ஆயினும் அரசன் சில இடங்களில் கைதிகளைப் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதை மறுக்கவும் முடியாது. அதேபோல், கொற்கை பாண்டியரின் முதல் தலைநகர் என்று பரவலாக எழுதப்படுவதையும் அளந்தே ஏற்க வேண்டும். மதுரை எரிந்த பின் கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு விழா எடுத்தான் என்கிறது சிலப்பதிகாரம். அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அங்கே தங்கி ஆண்டார் என்பதுவரை அதிலிருந்து கொள்ளலாம். மதுரைக்கு முன் கொற்கையே தலைநகராக இருந்தது என்பது அதிலிருந்து மட்டும் பெறப்படுவது அல்ல.

இனி கரை விலகிய கதைக்கு வருகிறேன். இன்று கொற்கை கடற்கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆற்றிலிருந்தும் அது சுமார் 3 கிலோமீட்டர் வடக்கே தள்ளி நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடல் கிழக்கே போனதோடு ஆறும் தெற்கே ஒதுங்கியிருக்கிறது என்பதே இதன் பொருள். சமவெளியை அடைந்த ஆறு வேகம் குறைந்து, வெள்ளக் காலத்தில் சுமந்து வந்த மணலையும் களியையும் வாய்ப்பகுதியில் இறக்குகிறது. திறந்த பெருங்கடலாக இருந்தால் அலை அதை அள்ளிக்கொண்டு போயிருக்கும். மன்னார் வளைகுடா இந்தக் கரையோரத்தில் ஆழம் குறைந்தது, இலங்கையின் மறைவில் இருப்பது. எனவே இறங்கிய மண் பெரும்பாலும் அங்கேயே தங்கி, முதலில் திட்டாகவும் பிறகு சதுப்பாகவும் கடைசியில் வயலாகவும் மாறியது. தன் பழைய தடம் மேடாகிவிட்டால் ஆறு தாழ்வான வேறு வழியைத் தேடிக்கொள்ளும். அந்தச் சமவெளியில் கிணறு வெட்டினால், மேலே கரிய களிமண்ணும் அதற்குக் கீழே கடற்சிப்பி கலந்த மணலும் வரும் இடங்கள் உண்டு. கீழே உள்ளது பழைய கரை. மேலே உள்ளது ஆறு பின்னர் கொண்டுவந்து போர்த்தியது. கடல் ஊரை விழுங்கியிருந்தால் இந்த வரிசை தலைகீழாக, ஆற்றுக் களியின்மேல் கடல்மணலாக இருந்திருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள மிக உறுதியான விடை இந்த மண்ணடுக்குத்தான்.

கடல்மட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியக் கரையோரங்களில் கடல்மட்டம் இன்றைய நிலையை எட்டி, சில இடங்களில் சற்று மேலேயும் நின்று, பிறகு தணிந்தது. எவ்வளவு உயரம் நின்றது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் கொற்கை துறைமுகமாக விளங்கிய காலம் அதற்கு மிகப் பிந்தியது. அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை கடல்மட்டத்தில் 6 கிலோமீட்டர் நிலத்தை வெளிக்கொணரும் அளவுக்கு இறக்கம் இல்லை. ஆகவே வேலையின் பெரும்பகுதியைச் செய்தது வண்டல்தான். 2,000 ஆண்டுகளில் 6 கிலோமீட்டர் என்று வகுத்து, கரை ஆண்டுக்கு 3 மீட்டர் நகர்ந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்பதில்லை. ஒரு பெருவெள்ளம் ஒரே வாரத்தில் கொண்டுவந்து கொட்டுவதை அடுத்துவரும் பல அமைதியான ஆண்டுகள் கொண்டுவருவதில்லை. மேலும், கொற்கை எப்போதாவது திறந்த கடலின் விளிம்பில் இருந்ததா, அல்லது தொடக்கத்திலிருந்தே ஆற்றுக் கழியின் உட்கரையில் இருந்ததா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். ஆற்று முகத் துறைகள் பலவும் புயலுக்கும் அலைக்கும் அஞ்சிச் சற்று உள்ளே தள்ளித்தான் அமைந்திருக்கின்றன. இது என் துணிபு. போதுமான இடங்களில் ஆழ்துளை இட்டு மண்ணடுக்குகளின் காலத்தைக் கணித்தால் அது உறுதியாகலாம், பொய்யாகவும் ஆகலாம்.

மூன்றாவது கேள்விக்கான பதில், கொற்கையிலிருந்து கிழக்கே நடந்தால் கிடைக்கும். திருநெல்வேலிப் பகுதியில் வாழ்ந்த பேராயரும் தமிழறிஞருமான கால்டுவெல் 1870களில் கொற்கையிலும் பழையகாயலிலும் தோண்டிப் பார்த்தார். பழையகாயலைச் சுற்றிய நிலத்தில் சீனப் பீங்கான் உடைசல்களும் அரபு நாட்டுப் பாண்ட உடைசல்களும் பரவலாகக் கிடப்பதைக் கண்டு, கொற்கைக்கு அடுத்து எழுந்த துறைமுகம் காயல் என்றும், மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டு புகழ்ந்த நகரம் அதுவே என்றும் முடிவு செய்தார். மார்க்கோ போலோவின் குறிப்பில் காயல் பெரிய, சிறந்த நகரம். ஓர்மூசு, கிசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல்கள் எல்லாம் அங்கே தங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு தரும் செய்தி இன்னும் விரிவானது. பாரசீக வளைகுடாவில் உள்ள கிசுத் தீவின் வணிகத் தலைவரான சமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்புவதாக ஒப்பந்தம் இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுக்க வேண்டும். சமாலுத்தீனின் உறவினர் தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராக இருந்து, காயல் உள்ளிட்ட துறைகளைக் கவனித்தார். மாறவர்மன் குலசேகர பாண்டியனின் கருவூலத்திலிருந்து இவ்வளவு பொன் குதிரைக்காக வெளியேறியது என்றால், அதை ஈடுசெய்யும் முத்தும் துணியும் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கொற்கையின் காலத்தை விடக் காயலின் காலமே வணிகத்தில் பெரியது என்பது என் கருத்து. ஆனால் நம் பாடநூல்களில் கொற்கைக்கு இருக்கும் இடம் காயலுக்கு இல்லை, அது வருத்தம் தருகிறது.

மார்க்கோ போலோ கண்ட காயல் எது என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. கால்டுவெல் சொன்ன பழையகாயல் கொற்கைக்கு வடகிழக்கே இருக்கிறது. இன்றைய ஆற்று முகத்துக்குத் தெற்கே இருக்கும் காயல்பட்டினத்து மக்கள், தொன்மையான பள்ளிவாசல்களையும் அரபு நாடுகளோடு தங்களுக்கு இருந்த தொடர்பையும் காட்டி, அது தங்கள் ஊரே என்கிறார்கள். இரு தரப்பிலும் வலுவான சான்றுகள் உண்டு. ஒருவேளை ஒரே பெயர், கழிமுகத்தின் பல கிளைகளில் பரவியிருந்த பல இறங்குதுறைகளுக்குப் பொதுவாக வழங்கியிருக்கலாம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொற்கை தூர்ந்தது, உடனே காயல் எழுந்தது. காயல் தூர்ந்தது, உடனே ஆற்று முகத்தில் உள்ள புன்னைக்காயல் எழுந்தது என்று ஒரு நேர்கோடாக இந்த வரலாற்றைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நிலவியல் அப்படிச் சொல்லவில்லை. பல வாய்களுடைய ஒரு கழிமுகத்தில் ஒரு கிளை தூர்ந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்று நல்ல ஆழத்துடன் இருக்கும். எனவே ஒரு துறை நலிவதும் மற்றொன்று வளர்வதும் பல தலைமுறைகள் ஒருங்கே நடந்திருக்க வேண்டும். அன்றியும், துறைமுகம் சாய்வதற்கு மண் மட்டும் காரணம் அல்ல. குலசேகரனின் மகன்களுக்கு இடையே மூண்ட போரும் 1311ஆம் ஆண்டு டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் நடத்திய படையெடுப்பும் குதிரைகளை வாங்கிய அரசையே குலைத்தன. அப்படியும் காயல் உடனே அழியவில்லை; 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசா அந்த ஊரையும் அதன் முத்து வணிகத்தையும் குறிப்பிடுகிறார்.

அதன் பிறகு நடந்தவை நன்கு பதிவாகியுள்ளன. 1530களில் முத்துக்குளித்துறை எனப்பட்ட இந்தக் கடற்கரையின் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542இல் பிரான்சிசு சவேரியார் அந்தக் கடற்கரைக்கு வந்தார். தமிழ் எழுத்தில் முதன்முதலாக நூல் அச்சிட்ட என்றிக்கே என்றிக்கசு பாதிரியார் புன்னைக்காயலைத் தம் பணிக்களமாகக் கொண்டார். ஆனால் ஆற்றின் வாயிலேயே இருந்த புன்னைக்காயலுக்கும் அதே தலைவிதிதான். அப்போது கப்பல்களும் பெருத்துவிட்டன. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துகீசியரின் மையம் வடக்கே தூத்துக்குடிக்கு மாறியது. 1658இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். தூத்துக்குடியில் ஆறு இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வண்டல் கொட்டும் வாய் அருகில் இல்லாததும், எதிரே தீவுகள் அலையைத் தடுப்பதுமே அதன் வலிமை. கழியை நம்பி வாழ்ந்த ஒரு வணிக மரபு, கடைசியில் ஆற்றை விட்டு விலகித்தான் நிலைத்தது. அங்கேயும் கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் தொலைவில் நிற்க, தோணிகள் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தன. 1974இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்ட பிறகுதான் அந்த நிலை மாறியது.

கொற்கையில் உங்களுக்குக் காட்டப்பட்டிருக்கக்கூடிய சிலவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊரில் நிற்கும் வன்னி மரம் 2,000 ஆண்டுப் பழமையானது என்பது ஊராரின் நம்பிக்கை. மரம் மிகவும் முதியது என்பதைக் கண்ணாலேயே காணலாம், ஆனால் ஆண்டுக் கணக்கை நம்பிக்கையாகவே கொள்ளுங்கள். நாணயம் அடிக்கும் இடத்தைக் குறிக்கும் அக்கசாலை என்ற பெயரைத் தாங்கிய கோயில், அங்கே பாண்டியரின் நாணயச் சாலை இருந்தது என்ற கருத்துக்கு அடிப்படை. பெயர் ஒரு நல்ல தடயம். ஆனால் உலையும் அச்சும் கிடைக்கும்வரை அது தடயம் மட்டுமே. கி.மு. 785 என்ற ஆண்டும் அடிக்கடி எழுதப்படுகிறது. முதல் அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்றைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணித்து வந்த முடிவு அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பின்னாக இருக்க இடமுள்ளது. அக்காலத்தில் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அது சான்று; அப்போதே அயல்நாட்டு வணிகம் நடந்தது என்பதற்கு அது மட்டும் போதாது. பழமையைக் கூட்டிச் சொன்னால்தான் பெருமை என்ற எண்ணம் கொற்கைக்குத் தேவையில்லாதது. உறுதியாகத் தெரிந்தவையே அந்த ஊரை இந்தியாவின் பழைய துறைமுகங்களின் முன்வரிசையில் வைக்கப் போதுமானவை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் நீரில் மூழ்கின. உயிரையும் உடைமையையும் இழந்தவர்களின் துயரத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆயினும் நிலவியல் கண்ணோடு பார்த்தவர்களுக்கு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு தெரியாத அந்தச் சமவெளியில் தண்ணீர் எங்கே தேங்கிற்று, எந்தப் பக்கம் வடிந்தது என்பது பழைய ஆற்றுத் தடங்களைப் பற்றிய மிகச் சிறந்த ஆவணம். நீர்மட்டக் குறிகள் சுவர்களிலிருந்து மறைவதற்குள் அவை முறையாக அளந்து வைக்கப்பட வேண்டும் என்று என்னைப் போன்றோர் விரும்புவது அதனால்தான். செங்கலுக்கும் பிற வேலைக்கும் மண் அள்ளுவதால் மேலடுக்குகள் கலைந்துகொண்டிருக்கின்றன. ஒருமுறை கலைந்த அடுக்கை எந்த ஆய்வும் மீட்டுத்தராது.

மறுபடியும் போவதாக இருந்தால், கொற்கையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். முதல் நாள் ஆதிச்சநல்லூரைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலையில் ஏரல் வழியாகக் கொற்கைக்கு வந்து, குளக்கரையில் நின்று நிலத்தின் மட்டத்தைக் கவனியுங்கள். பிறகு தூத்துக்குடி-திருச்செந்தூர் சாலையில் உள்ள பழையகாயலையும், ஆத்தூரிலிருந்து கிழக்கே பிரியும் சாலையில் சென்று புன்னைக்காயலையும் பாருங்கள். வாழை முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்னீர் மண்ணுக்கும் உவர் மண்ணுக்கும் இன்றைய எல்லை அது. வழியில் வயல் வரப்பில் பழைய பானை ஓடோ பீங்கான் துண்டோ கண்ணில் பட்டால் கையில் எடுக்காமல், இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.